குட்டியிடம் பேசாத மாதங்கள்

விடிந்தும் விடியாத நேரத்தில் நான் வேலை செய்யும் நிலையத்துக் காவலாளி அழைத்தார். பண்டார் தெங்காராவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில் பெரிய மிருகம் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது என்றார். வனவிலங்குப் பாதுகாப்பு வேலையில் அந்த வாரம் அவசர அழைப்புகளுக்குப் போகும் முறை என்னுடையது. முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். மூடுபனி இன்னும் விலகவில்லை. வழியில் எதிரே ஒரு வாகனமும் வரவில்லை.

தூரத்திலேயே விளக்குகள் மின்னுவது தெரிந்தது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சாலைக்குக் குறுக்காக நின்றது. அதற்கு முன்னால் யாரோ இரண்டு மட்டைகளை வெட்டி எச்சரிக்கையாகப் போட்டிருந்தார்கள். லோரிக்காரர் இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தமிழர். என்னைப் பார்த்ததும், எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குவார்கள் என்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாண்ணே. இன்னொரு வண்டி பின்னாடி வரும்."

"நான் அடிக்கலமா. முன்னாடி போன எவனோ அடிச்சிட்டு நிக்காம போய்ட்டான். நான் வர்றப்ப தாய் கெடந்துச்சு. குட்டி பக்கத்துலயே நிக்கிது. நவுரவே மாட்டேங்கிது. அதான் லோரிய குறுக்கப் போட்டேன். பின்னாடி வர்றவன் பாக்காம ஏத்திருவான்ல."

தெனுக் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற விலங்கு அது, ஆங்கிலத்தில் டேப்பிர். பன்றியைவிடப் பெரிது, குட்டையான தும்பிக்கை, கறுப்பு உடம்பில் முதுகும் வயிறும் மட்டும் வெள்ளை. தாய் சாலையோரத்தில் பக்கவாட்டில் கிடந்தது. மடியில் பால் கசிந்திருந்தது. அதன் முகத்துக்கு அருகில் குட்டி நின்றது. குட்டிகள் தாயைப் போல இருப்பதில்லை. பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளை வரிகளும் புள்ளிகளும் இருக்கும். வளர வளர அவை மறைந்துவிடும்.

"தெம்பிக்காய்க்குக் கால் மொளைச்ச மாரி இருக்கு," என்றார் லோரிக்காரர். தெம்பிக்காய் என்றால் தர்பூசணி. சொல்லிவிட்டு, சிரிக்கிற இடமில்லை என்று தோன்றியதோ என்னவோ, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

குட்டி அழுதது. அது மிருகம் அழுவதுபோல் இல்லை. யாரோ ஒருவர் எங்கேயோ நின்றுகொண்டு மெல்ல விசில் அடிப்பதுபோல் இருந்தது. அடிக்கும், நிறுத்தும், பதில் வருகிறதா என்று கேட்கும், மறுபடி அடிக்கும்.

நான் போர்வையை விரித்துக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போனேன். லோரிக்காரர் மறுபக்கம் கைகளை அகட்டி நின்றார். குட்டி ஓடவில்லை. போர்வைக்குள் வந்ததும் ஒருமுறை உதைத்தது, பிறகு அடங்கிவிட்டது. எடை குறைவுதான். ஆனால் அதன் நெஞ்சு அடித்த வேகம் என் கைகள் வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. லோரிக்காரர் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார்.

"பொழைச்சுக்குமா?"

"தெரியலண்ணே."

"நம்பர் குடுங்க. கேட்டுக்கிறேன்."

கொடுத்தேன். திரும்பி வரும்போது குட்டி வழிநெடுக விசிலடித்துக்கொண்டே வந்தது. சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதைப்போல் போர்வைக்குள் தும்பிக்கையை நீட்டி நீட்டி மோந்தது. நான், "இரு, இரு, இதோ வந்துட்டோம்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். அதனிடம் நான் பேசியது அந்த ஒருநாள்தான்.

*

நிலையம் என்று நாங்கள் சொன்னது காட்டோரத்தில், செம்பனை முடிகிற இடத்தில் இருந்தது. சில அடைப்புகள், ஒரு குட்டை, பால் காய்ச்சும் அறை, ஊழியர்களுக்கு இரண்டு சிறிய வீடுகள். ஒரு வீட்டில் நான் இருந்தேன். கூட இருந்த மலாய்ப் பெண் கல்யாணம் ஆகி குளுவாங்கிற்குப் போன பிறகு என் வீட்டில் ஒரு அறை பூட்டியே கிடந்தது. பக்கத்து வீடு காலி. கேட்டில் இருக்கும் காவலாளியைத் தவிர மற்றவர்கள் எல்லாம் குடும்பத்தோடு டவுனில் இருந்தார்கள், காலையில் வந்து மாலையில் போய்விடுவார்கள்.

மிருக மருத்துவர் அன்று மதியமே ஜொகூர் பாருவிலிருந்து வந்தார். என்னைவிடச் சில வயது மூத்த மலாய்ப் பெண். குட்டியின் வாயைப் பார்த்தார், கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார், வயிற்றில் காது வைப்பதுபோல் குழாயை வைத்துக் கேட்டார். எலும்பு முறிவு எதுவும் இல்லை. பெண் குட்டி. பால் குடித்தால் பிழைக்கும் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே மலாயில் என்னிடம் கேட்டார்.

"வீட்டில் உன்னோடு யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை, டாக்டர்."

"குழந்தைகள்? யாராவது வந்து போவார்களா?"

"இல்லை."

"பூனை வளர்க்கிறாயா?"

"இல்லை."

"நல்லது," என்றார். "அப்படியானால் நீதான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த வேலைக்கு யாருமில்லாத ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்தேன், அவ்வளவுதான். ஆனால் என் வாழ்க்கையில் யாருமில்லை என்பதற்கு ஒருவர் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அது எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். முன்பு வேறொரு இடத்தில் ஒரு தெனுக் குட்டியை எல்லோரும் கொஞ்சி வளர்த்தார்களாம். காட்டில் விட்டபோது அது காட்டுக்குள் போகவில்லை. கம்பத்துப் பக்கம், வீடுகள் இருக்கிற இடத்துக்கு, வந்தது. மனிதர் பேச்சுச் சத்தம் கேட்கிற இடத்துக்கெல்லாம் போய் நின்றது. மோட்டார் சைக்கிள் பின்னால் சாலையில் ஓடியது. கடைசியில் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். இன்னமும் கூண்டில்தான் இருக்கிறது. "அதற்கு மனிதக் குரல் என்றால் பால். அப்படித்தான் பழகிவிட்டது," என்றார்.

அதனால் இந்தக் குட்டிக்கு ஒரே ஆள். அந்த ஆள் பேசக்கூடாது. வானொலி கூடாது, கைப்பேசி அடிக்கக்கூடாது. வாசனைச் சோப்பு, பவுடர், தைலம் எதுவும் கூடாது. தினமும் ஒரே சாம்பல் நிற உடுப்பு. விளையாடக்கூடாது. பெயர் வைக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும் என்று மட்டும் சொன்னார்.

*

முதல் இரண்டு நாள் குட்டி குடிக்கவில்லை. ஆட்டுப்பாலை இளஞ்சூடாக்கிப் புட்டியில் ஊற்றிக்கொண்டு போவேன். காம்பை வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். தொண்டையை விரலால் தடவிப் பார்த்தேன். புட்டியைப் போர்வையில் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, புட்டியைக் கைக்கு அடியில் பின்பக்கமாக நீட்டியபோது குடித்தது. முகம் தெரியாமல் இருந்தது பிடித்திருக்க வேண்டும். அதன் மூக்கு நுனி என் முழங்கையில் ஈரமாக உரசியது. புட்டி காலியாகும்வரை நான் அசையவில்லை.

யாருக்காவது ஊட்டும்போது நம் வாய் சும்மா இருக்காது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அண்ணன் பிள்ளைகளுக்கு ஊட்டும்போது, ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். சொல்லாவிட்டால் கை நகராது. இங்கே அதே சொற்கள் தொண்டைவரை வந்து நிற்கும். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொள்வேன். குட்டி நன்றாகக் குடித்த நாளிலும் சொல்ல வாயில்லை, குடிக்காத நாளிலும் கெஞ்ச வாயில்லை.

அதற்கு வயிற்றைச் சொறிந்தால் பிடிக்கும். ஈரத்துணியால் துடைக்கும்போது கால்கள் தளர்ந்து, பொத்தென்று படுத்துவிடும். சில சமயம் என் பாதத்தின் மேலேயே படுத்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால்தான் கழிவு போகும். அது தண்ணீருக்குள் மூழ்கி தும்பிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்கவும் கூடாது.

வாரங்கள் போகப் போக அந்த மௌனம் அடைப்புக்கு வெளியேயும் என்னோடு வந்தது. மற்ற ஊழியர்கள் என் அடைப்புப் பக்கம் வரமாட்டார்கள். தூரத்திலிருந்து கையசைப்பார்கள், நானும் கையசைப்பேன். மாலையில் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகு, காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்று திடீரென்று நினைவு வரும். அப்போதும் பேச ஆளில்லை. சுவரிடம் பேசிப் பார்க்கும் அளவுக்கு நான் போகவில்லை.

டவுனில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை உண்டு. கடைக்காரர் தமிழ்நாட்டில் கடற்கரை ஊர்க்காரர். ஒருநாள் மாலை அங்கே போய் ரொட்டி வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கரகரவென்று ஏதோ வந்தது.

"தொண்ட கட்டியிருக்கா? சளியா?" என்றார் கடைக்காரர்.

விளக்குவதைவிடத் தலையாட்டுவது எளிதாக இருந்தது. தலையாட்டினேன்.

"ஒக்காருங்க. இஞ்சி தட்டிப்போட்டு டீ தரேன். காசு வேணாம்."

அன்றிலிருந்து நான் போனாலே கேட்காமல் இஞ்சி டீ வந்துவிடும். எனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஒருவர் என்னைப் பார்த்ததும் எனக்காக ஒன்றைச் செய்கிறார் என்பதை இழக்க மனம் வரவில்லை.

லோரிக்காரர் அவ்வப்போது அழைப்பார். பெரும்பாலும் மதியத்தில், அவர் ஆலையில் எடைக்காகக் காத்திருக்கும்போது.

"எப்டி இருக்கு நம்ம பிள்ள?"

"நல்லா குடிக்கிதுண்ணே. இப்ப எலகூட கடிக்கிது."

"பேரு வெச்சிட்டீங்களா?"

"பேரெல்லாம் வெக்கல. கூப்பிடக் கூடாதுல்ல."

அவருக்குப் பின்னால் லோரிகளின் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுலயும் அப்டிதான்மா. பசங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்ல. அதான் உங்களுக்கு அடிக்கடி ஃபோன் பண்றேன். கோச்சிக்காதீங்க."

"இல்லண்ணே. பண்ணுங்க."

அந்த அழைப்புகளில் நாங்கள் குட்டியைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. ஆனாலும் வைத்தபிறகு பால் அறைக்கு நடந்து போகும்போது என் நடை வேகமாக இருக்கும்.

*

அந்தத் தீபாவளிக்கு நான் மாசாயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. குட்டியை வேறு ஆளிடம் விட்டால் பழக்கம் குலைந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அம்மாவும் அண்ணனும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார்கள்.

அப்பா போன பிறகு அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். அண்ணன் தினமும் மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர், அண்ணி பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகளையும் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டில் ஒரு நிமிடம்கூடச் சத்தம் ஓயாது. அங்கிருந்து வந்தவருக்கு என் வீடு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, கொடியில் இரண்டு சாம்பல் உடுப்பு.

"சாமிப் படத்துக்கு ஒரு ஊதுவத்திகூட இல்லையே," என்றார்.

"வாசன துணியிலே ஒட்டிக்கும்மா. குட்டிக்கு ஆவாது."

அண்ணன் கைப்பேசியில் சிக்னல் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா கொண்டுவந்த முறுக்கையும் நெய்யுருண்டையையும் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தக் குட்டியப் பாக்கலாமா?"

"முடியாதும்மா. ஒரே ஆளுதான் போவணும்."

"தூரத்துலேருந்து?"

"முடியாதும்மா."

அம்மா மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகள் பள்ளியில் செய்த குறும்பு, பக்கத்து வீட்டில் கட்டுகிற கார் கொட்டகை என்று பேசிக்கொண்டே போனார். நான் ம் கொட்டினேன். எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாதது எனக்கே விசித்திரமாக இருந்தது. அப்போது அடைப்புப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஏதோ குருவி கத்துது," என்றார் அம்மா.

"குருவி இல்லம்மா. அதுதான். பால் நேரம்."

அம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். எழுந்து, என் உடுப்பைக் கொடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"போ, போ. பிள்ள அழுவுது பாரு."

நான் பால் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். கழுவ இருந்ததே நாலைந்துதான். நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சிச்சா?"

"குடிச்சிச்சு."

"வாயத் தொறக்காமலா பால் குடுக்கிறே?"

"ஆமாம்மா."

"உனக்குக் குடுக்கறப்ப நான் பேசிக்கிட்டே இருப்பேன்," என்றார் அம்மா. "என்னா பேசினேன்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பிறகு கொஞ்சம் தயங்கி, "மிருகத்துக்கிட்ட பேசக் கூடாதுன்னா சரி. அது ஒன் வேல. எங்களுக்கு ஏன் ஃபோன் பண்றதில்ல?" என்றார்.

எனக்குக் கோபம் இல்லை, மறைப்பதற்கும் ஒன்றும் இல்லை. பேசாமல் இருப்பது பழகிவிட்டால் பேசத் தொடங்குவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, எனக்கு அது கிடைக்கவில்லை, இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் உள்ளே வந்து, மழை வரும்போல இருக்கிறது, கிளம்பலாம் என்றார். அம்மா வண்டியில் ஏறும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை நான் கழுவிவிட்டுத்தான் அடைப்புக்குள் போக வேண்டியிருந்தது. அம்மாவின் கையில் எப்போதும் தைல வாசனை இருக்கும்.

*

வரிகள் மறைய ஆரம்பித்தது ஒருநாளில் தெரிந்த விஷயம் இல்லை. முதலில் முதுகுப் புள்ளிகள் அழுக்குப் படிந்ததுபோல் மங்கின. பிறகு இடுப்பைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று தோன்றியது. மருத்துவர் ஒவ்வொரு முறை வரும்போதும் வேலிக்கு வெளியே மறைந்து நின்று படம் எடுத்துக்கொள்வார். படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் மாற்றம் புரியும். தினமும் பார்த்த எனக்குப் புரியவில்லை. பாலைக் குறைத்தோம். மஹாங் மரத்து இலை, கங்கோங் கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று தின்னத் தொடங்கியது.

பிறகு காட்டோடு ஒட்டிய பெரிய அடைப்புக்கு மாற்றினோம். உள்ளே ஓர் ஓடை ஓடியது, புதர் மண்டியிருந்தது. நான் இனி உள்ளே போகத் தேவையில்லை. தீனியை மரப்பலகை வழியாகத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முதல் சில நாள் அது பலகைக்கு ஓடி வந்து என் கையைத் தேடியது. நான் கையை இழுத்துக்கொண்டேன். தீனி வைக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்ல நான் போன பிறகே வந்து தின்னப் பழகியது.

ஒரு காலையில் இலைக்கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வேலியோரம் நடந்தேன். அது ஓடைக்கரையில் நின்று ஏதோ தளிரைக் கடித்துக்கொண்டிருந்தது. என் காலடியில் குச்சி ஒன்று ஒடிந்தது. அது தலையை உயர்த்தியது, தும்பிக்கையை வளைத்துக் காற்றை மோந்தது. என் வாசனைதான் அது, சந்தேகமில்லை. அடுத்த கணம் தண்ணீருக்குள் இறங்கி மறைந்துவிட்டது. நான் அங்கேயே நின்றேன். அது மேலே வரவில்லை. எனக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறது என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

மருத்துவருக்குச் சொன்னேன். மறுமுனையில் அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. "நல்லது. மிக நல்லது. இதற்காகத்தானே இத்தனை மாதம்," என்றார்.

"ஆமாம், டாக்டர்," என்றேன்.

அன்று பால் அறைக்குப் போய், பல வாரமாக யாரும் தொடாத புட்டிகளை எல்லாம் எடுத்து வெந்நீரில் கழுவினேன். மதியச் சாப்பாட்டைக் கட்டியபடியே வைத்துவிட்டேன். வேலையை ஒழுங்காகச் செய்து முடித்ததற்கு இப்படியா இருக்கும் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதாலும் சத்தமில்லாமல்தான் அழுதிருப்பேன், அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

*

எண்டாவ் ஆற்றுப் பக்கத்துக் காட்டில் விடுவதென்று முடிவானது. பெட்டிக்குள் ஏற்றி, கழுத்தில் இடம் காட்டும் பட்டையைக் கட்டி, லோரியில் கொண்டுபோனோம். லோரியைப் பார்த்ததும் அந்த லோரிக்காரரின் நினைவு வந்தது. அவரிடம் முதல்நாளே சொல்லியிருந்தேன். "நல்லபடியா போய்ச் சேரட்டும்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அழைப்பது குறைந்துபோனது. கேட்க என்ன இருக்கிறது.

செம்மண் பாதை முடிந்த இடத்திலிருந்து ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நான் முன்னால் கொடிகளை ஒதுக்கிக்கொண்டு போனேன். ஓர் ஓடைக்குப் பக்கத்தில் இறக்கி, எல்லோரும் பின்வாங்கி, கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்தோம். வெகுநேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. அட்டைகள் கால்களில் ஏறின. யாரும் பேசவில்லை. இத்தனை நாள் நான் மட்டும் சுமந்துகொண்டிருந்த மௌனத்தில் அன்றுதான் மற்றவர்களும் நின்றார்கள்.

முதலில் தும்பிக்கை வந்தது. பிறகு தலை. கறுப்பும் வெள்ளையுமாக முழுசாக வெளியே வந்தது. ஓடையில் நீர் குடித்தது. கரை ஏறி, ஒரு தளிரைப் பறித்து, மென்றுகொண்டே நடந்து போனது. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குக் கண்பார்வை மட்டு, திரும்பினாலும் எங்களைத் தெரிந்திருக்காது. இலைகள் அசைவது நின்றதும் மருத்துவர் என் தோளில் கை வைத்தார். எங்களில் யாரோ இருமினார்கள்.

அதன் பிறகு அது கணினித் திரையில் ஒரு புள்ளி. பட்டை அவ்வப்போது இடத்தை அனுப்பும். காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மலையோரம், ஓடை, மறுபடி மலையோரம். ஒரு வாரம் புள்ளி நெடுஞ்சாலைப் பக்கம் நகரத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக.

நானும் இன்னொரு ஊழியரும் மாலையில் போய்ச் சாலையோரம் வண்டியை நிறுத்தி விளக்கை மின்னவிட்டோம். தெனுக் கடக்கும் இடம், மெதுவாகப் போகவும் என்று பலகை இருக்கிறது. யாரும் மெதுவாகப் போகவில்லை. எங்களைப் பார்த்துதான் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு காரில் தமிழ்க் குடும்பம். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கினார்.

"என்னா சிஸ்டர், ரோட்பிளாக்கா?"

"இல்லண்ணே. ஒரு மிருகம் ரோட்டத் தாண்ட வருது. மெதுவா போங்க."

"புலியா?"

"தெனுக்."

"அலமாக், அவ்ளோதானா," என்று சிரித்துவிட்டு அவர் போனார். ஆனால் மெதுவாகத்தான் போனார். பின்சீட்டிலிருந்த பெண் குழந்தை கண்ணாடியில் முகத்தை வைத்துக் காட்டையே பார்த்துக்கொண்டு போனது.

இருட்டி வெகுநேரம் ஆகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலை திரையைப் பார்த்தபோது புள்ளி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து வெகுதொலைவில் எங்கேயோ கடந்திருக்கிறது. எப்போது கடந்தது, எந்த வாகனத்துக்கு முன்னால் கடந்தது, எதுவும் தெரியாது. நாங்கள் இல்லாமலேயே கடந்துவிட்டது. கூட வந்த ஊழியர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

கழுத்துப் பட்டை குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாகக் கழன்று விழும்படி செய்யப்பட்டது. வளர்கிற மிருகத்தின் கழுத்தில் அதற்கு மேல் இருக்கக்கூடாது. ஒருநாள் புள்ளி நகரவில்லை. அடுத்த நாளும் நகரவில்லை. செத்துவிட்டதா, பட்டைதான் விழுந்ததா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவரும் நானும் இன்னும் இருவரும் காட்டுக்குள் போனோம். நாள் முழுக்க நடந்தோம். நடக்கும்போது கண்ணைவிட மூக்கைத்தான் நம்பினேன். நாற்றம் வருகிறதா என்று மோந்துகொண்டே போனேன்.

வரவில்லை. ஓடையோரச் சேற்றில் பட்டை மட்டும் கிடந்தது. உள்பக்கம் குட்டையான கறுப்பு முடி ஒட்டியிருந்தது. சுற்றிலும் காலடித்தடம், முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று. தடங்கள் ஓடைக்குள் இறங்கி முடிந்தன. மருத்துவர் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டிக்கொண்டு வந்த சோற்றை ஒரு விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"ஜொகூர் பாரு அலுவலகத்துக்கு மாற்றல் கேட்கிறாயா? நான் எழுதித் தருகிறேன்," என்றார் மருத்துவர். "இங்கே நீ ரொம்ப நாளாகத் தனியாக இருக்கிறாய்."

"யோசிச்சுச் சொல்றேன், டாக்டர்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு மலாயில் சொன்னேன்.

*

விடுப்பு எடுத்துக்கொண்டு மாசாய்க்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் வரிசையாக மோட்டார்கள், உள்ளே தொலைக்காட்சி, பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். வந்த அன்று அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலித்தது. மறுநாள் மதியம், பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தேன்.

"அது பெருசாயி எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார் அம்மா.

கைப்பேசியில் மருத்துவர் அனுப்பிய படங்களைக் காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது எப்ப எடுத்தது, இது எப்ப எடுத்தது என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். முதுகைத் திருப்பிக்கொண்டு பால் கொடுத்தது, அது என் காலின் மேல் படுத்துக்கொண்டது, தண்ணீருக்குள் ஒளிந்தது, பெட்டிக்குள்ளிருந்து தும்பிக்கை வந்தது. கீரை முடிந்துவிட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். யாரிடமும் அப்படி நீளமாகப் பேசி எவ்வளவு நாளாகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"இப்ப எங்க இருக்கும்?"

"தெரியாதும்மா. இனிமே தெரியவே தெரியாது."

"உயிரோட இருக்குமா?"

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். போகும்போது, "ஜொகூர் பாருக்கு மாத்திக்கிட்டு வந்துரேன்," என்றார். நான் பார்க்கலாம் என்றேன். அது பொய் இல்லை. நிஜமாகவே யோசித்தேன். ஆனால் மாற்றல் கேட்டு எழுதவில்லை. எனக்குக் காட்டோரம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அங்கே இருக்கும்போது தனியாக இருக்கிறேன். மாசாயில் எல்லோர் நடுவிலும் உட்கார்ந்திருக்கும்போதும் ஏதோ ஒன்று எனக்கு எட்டாமல் இருக்கிறது. இரண்டில் முதலாவது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

விடுப்பு முடிந்து கோத்தா திங்கி வழியாகப் பேருந்தில் திரும்பினேன். வழியெல்லாம் மழை, கண்ணாடிக்கு வெளியே செம்பனை தவிர ஒன்றும் தெரியவில்லை. நிலையத்தில் அப்போது குட்டி எதுவும் இல்லை. சிறிய அடைப்பைக் கழுவிக் கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். மறுநாள் எனக்குக் கொடுத்த வேலை, தெனுக் கடக்கும் இடம் என்று எழுதிய சாலையோரப் பலகைகளில் கொடி படர்ந்து எழுத்து மறைந்திருந்தால் வெட்டிவிடுவது. காலையிலேயே அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பலகைகள் பெரும்பாலும் மறைந்துதான் இருந்தன.